மேற்கோட் கணக்கு

சென்ற ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒருநாள் மாலை, நம் கலாசாலையில் எம்.ஏ. வகுப்பிற் பயின்ற மாணவர் ஒருவரது ஆராய்ச்சியேடு எமது மேசைக்குத் திரும்பி வந்தது. அதனைப் பார்வையிட்ட வெளியூர்ப் பரீட்சகர், இறுதியிலுள்ள துணைநூற் பட்டியலில் ஒரு வரியின்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டு, "இக்கட்டுரையை யான் எங்குந் தேடியுங் கண்டிலேன், தாங்கள் பார்த்த பிரதியை அனுப்பி வைக்க" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். மாணவரை அழைத்து வினவினோம். அவர் சிறிது நேரம் தலை கவிழ்ந்து நின்று, "ஐயா, நான் அதைப் பார்க்கவில்லை, கணிப்பொறியிடம் கேட்டேன், அது கொடுத்தது" என்றார். இக்காலத்து யாவரும் உரையாடிப் பழகும் செயற்கை நுண்ணறிவுப் பொறியையே அவர் அவ்வாறு குறித்தார். கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அவ்விதழ் உண்மையில் உளது. அவ்வாண்டில் வெளிவந்ததும் மெய். கட்டுரை ஒன்றுதான் இல்லை. அவ்வேட்டின் முகப்பில், மேற்பார்வையிட்டவர் என்ற இடத்தில், எமது கையொப்பம் இருந்தது. ஆதலின் இதனை மாணவர் குற்றமென்று மட்டுங் கூறி யாம் ஒதுங்கி நிற்றல் இயலாதாயிற்று.

அம்மாணவர் பொய்யுரைக்கும் இயல்பினரல்லர். அவர் செய்த பிழைகள் இரண்டு. கண்ணாற் காணாத ஒன்றைக் கண்டதுபோற் குறித்தது ஒன்று. தாம் மெய்யாகவே படித்த நூல்களை அவ்வப்போது குறித்து வையாமல், கடைசி இரவில் பட்டியலை நிரப்பும் நிலைக்கு வந்தது மற்றொன்று. முன்னது ஒழுக்கத்தைச் சார்ந்தது. அதற்கு மருந்து அவரவர் நெஞ்சில் உளது. பின்னதற்கோ நல்ல கருவிகள் உள. இரண்டாவது பிழை நீங்கின் முதலாவதற்கு இடம் பெரிதுங் குறையும் என்பது எமது துணிபு. அக்கருவிகளுள் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதலில், மேற்கோளுக்கு ஆதாரங் காட்டுவது எதன் பொருட்டு என்பதை நினைவு கூர்தல் நலம். "இன்னார் இன்ன நூலில் இன்ன பக்கத்தில் இவ்வாறு கூறினர்" என்று நாம் எழுதுவது, படிப்பவர் தாமே அவ்விடஞ் சென்று சரிபார்த்துக் கொள்ளும் பொருட்டேயாம். அஃது ஒரு விலாசம். கதவிலக்கம் பிழைத்தால் தபாற்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு வருவதுபோல, பக்கம் பிழைத்தால் படிப்பவர் வெறுங்கையோடு திரும்புவர். அஃதன்றி, பிறரது உழைப்பை நாம் எடுத்துக்கொண்டமைக்கு ஒப்புக்கொள்ளும் கடனும் அதுவே. மதிப்பெண்ணுக்காகப் பட்டியலை நீட்டுவோர்க்கு இவ்விரண்டும் மறந்து போகின்றன.

இந்நோய் இயந்திரங்களால் நேற்று வந்ததென்று எண்ணுவோர்க்கு இரண்டொரு செய்திகள் கூறுவாம். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சார்ந்த சிம்கின், ராய்சவுதுரி என்னும் இருவர், ஆராய்ச்சிக் கட்டுரைகளின் துணைநூற் பட்டியலில் வரும் அச்சுப் பிழைகளை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருவர் பக்க எண்ணைத் தவறாக அச்சிட்டால், அதே தவறு பின்வந்த பலருடைய பட்டியலிலும் எழுத்துப் பிசகாமல் வருகின்றது. மூலத்தைத் திறந்து பார்த்தவர்க்கு அவ்வாறு நேராது. பிறர் பட்டியலைப் பார்த்து எழுதியவர்க்கே நேரும். இவ்வாறு கணக்கிட்டு, மேற்கோள் காட்டுவோருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படித்திருத்தல் கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

மற்றொன்று இன்னும் வேடிக்கையானது. எல்ஸ்வியர் என்னும் பெரும் பதிப்பகம், துணைநூற் குறிப்பு எழுதும் முறையைக் கட்டுரையாளர்க்குக் காட்டும் பொருட்டு, அறிவியற் கட்டுரை எழுதும் கலையைப் பற்றியதாக 2000-ஆம் ஆண்டிட்ட ஒரு மாதிரிக் குறிப்பைத் தன் வழிகாட்டியில் அமைத்திருந்தது. அத்தகைய கட்டுரை உலகில் இல்லை. அது வெளிவந்ததாகக் காட்டிய இதழும் இல்லை. எனினும் ஏறக்குறைய 400 கட்டுரைகள் அதனைத் தம் ஆதாரங்களுள் ஒன்றாகக் காட்டியிருந்தமை 2017-இல் வெளிப்பட்டது. மாதிரிப் படிவத்தில் இருந்ததை அழிக்க மறந்தவர் பலர் போலும். செயற்கை நுண்ணறிவுப் பொறி வந்தபின் இக்கேடு விரைவு பெற்றது. 2023-இல் நியூயார்க் நகரத்து நீதிமன்றத்தில், அப்பொறி புனைந்து கொடுத்த வழக்குகளை மெய்வழக்குகளாக எடுத்துக்காட்டிய வழக்கறிஞர் இருவரும் அவர்தம் நிறுவனமும் 5,000 டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. கற்றறிந்த வழக்கறிஞர்க்கே இக்கதியாயின், இருபத்திரண்டு வயது மாணவரை யாம் எவ்வளவு கடிந்துரைக்க இயலும்?

நிற்க. யாம் மாணாக்கராயிருந்த காலத்தில் எமது கருவி ஒரு பிஸ்கோத்துத் தகரப்பெட்டி. தபாலட்டையைப் பாதியாக வெட்டியது போன்ற துண்டுக் காகிதங்களில் மேற்கோள்களை எழுதி அதில் அடுக்கி வைப்போம். ஒருமுறை, எமது ஆராய்ச்சிக்கு உயிர்போன்ற ஒரு வாக்கியம் எழுதிய துண்டில், பக்கம் 112 என்று மட்டும் இருந்தது. நூலின் பெயர் இல்லை. எழுதுங்கால், இதனை மறப்போமா என்று எண்ணினோம் போலும். நூலகத்தில் மூன்று நாள் 112-ஆம் பக்கங்களாகவே புரட்டினோம். நான்காம் நாள் அவ்வாக்கியம் அகப்பட்டது. ஆனால் 131-ஆம் பக்கத்தில். யாம் படித்தது முந்திய பதிப்பு. அதனைக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டுப் புதிய பதிப்பை அலமாரியில் வைத்திருந்தனர். அஃதேயுமன்றி, எமது துண்டில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. விடுபட்ட சொல் "அன்று". அதனை நம்பி எழுதிய ஐந்து பக்கங்களைக் கிழித்தெறிந்தோம். இதனைப் படிக்கும் பழைய மாணவர் பலரும் தத்தம் தகரப்பெட்டியை நினைந்து நகைப்பர் என்பதில் ஐயமில்லை.

துண்டுக் காகித முறை மிகப் பழையது. சூரிக் நகரத்துக் கான்ராட் கெஸ்னர் என்பவர், லத்தீன், கிரேக்கம், எபிரெயம் என்னும் மும்மொழி நூல்களுக்கு 1545-இல் ஒரு பெரும் பட்டியல் வெளியிட்டவர். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் குறிப்புகளை எழுதி, அவற்றைக் கத்தரித்து, வேண்டியவாறு மாற்றி அடுக்கும் முறையை அவர் விளக்கியுள்ளார். பிரஸல்ஸ் நகரத்தில் பால் ஒத்லே, ஆன்ரி லா போந்தேன் என்னும் இருவர் 1895-இல் தொடங்கிய அட்டைத் தொகுதி ஒரு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளாகப் பெருகிற்று. தமிழ் அச்சு நூல்களை வகைப்படுத்தி ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட பட்டியலையும், பார்னெட்டும் போப்பும் சேர்ந்து பிரிட்டிஷ் மியூசியத்துத் தமிழ் நூல்களுக்கு 1909-இல் வெளியிட்ட பட்டியலையும் இன்றும் ஆராய்ச்சியாளர் தேடி எடுக்கின்றனர். அவையெல்லாம் ஒருவர் ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து எழுதிய உழைப்பு.

கணிப்பொறி வந்தபின், 1985-இல் ஓரன் படாஷ்நிக், லெஸ்லி லாம்போர்ட் என்பார் பிப்டெக் என்னும் கருவியை ஆக்கினர். கணித, பௌதிக நூலோர் இன்றும் அதனை விடார். பின்னர் எண்ட்நோட் என்னும் விலைக்கருவி பரவிற்று. லண்டனிற் பிறந்த மெண்டலே 2008-இல் வெளிவந்து, 2013-இல் மேற்கூறிய எல்ஸ்வியர் கைக்கு மாறிற்று. யாம் இங்கு விளக்க எடுத்துக்கொண்டது ஸோட்டெரோ. அமெரிக்காவில் விர்ஜீனியா மாகாணத்து ஜார்ஜ் மேசன் சர்வகலாசாலையைச் சார்ந்த சரித்திர ஆசிரியர் குழு ஒன்று 2006-இல் இதனை வெளியிட்டது. கற்றுத் தேர்தல் என்னும் பொருளுடைய அல்பேனிய மொழிச் சொல்லினின்றும் இப்பெயர் வந்ததென்பர். வியாபாரிகள் அன்றி, எம்மைப்போல் அடிக்குறிப்பு எழுதி அலுத்தவர்கள் ஆக்கியது என்பதே எமக்கு இதன்மேல் அன்பு உண்டாவதற்கு முதற் காரணம். எண்ட்நோட்டை அப்போது உடைமையாகக் கொண்டிருந்த நிறுவனம் 2008-இல் அச்சர்வகலாசாலைமீது வழக்கிட்டதும், அவ்வழக்கு 2009-இல் தள்ளுபடியானதும் உண்டு. இரண்டாவது காரணம், இதற்கு விலையில்லை. நிரலின் மூலமும் யாவரும் பார்க்கத் திறந்து கிடக்கின்றது. கலாசாலை சந்தா கட்டித் தரும் கருவியில் மூன்றாண்டு உழைத்துச் சேர்த்ததை, கலாசாலையை விட்டு நீங்கும் நாளில் இழப்பதற்கு ஏது உண்டு. இதில் அவ்வச்சமில்லை.

இனி அதன் தொழிலைக் கூறுவாம். மளிகைக் கடைக் கணக்கப்பிள்ளை வரவு செலவைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிந்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கூறுவதை நாம் அறிவோம். ஸோட்டெரோ நூல்களுக்கு அத்தகைய கணக்கப்பிள்ளை. திறந்தவுடன் திரை மூன்று பத்தியாகத் தோன்றும். இடப்புறம் நாம் அமைத்த தொகுதிகள். நடுவில் நூல்களின் நிரல். வலப்புறம் நாம் தெரிந்தெடுத்த ஒரு நூலின் முழு விவரம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஊர், பதிப்பகம், ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் உளது. ஒரே நூலை இயல் ஒன்றுக்கான தொகுதியிலும் இயல் நான்குக்கான தொகுதியிலும் வைக்கலாம். பிரதி இரண்டாகாது, ஒன்றையே இரண்டிடத்திற் காண்போம். தகரப்பெட்டியில் இஃது இயலாத காரியம்.

நூல் விவரத்தை உள்ளே சேர்க்கும் வழிகள் பல. உலாவியில் ஒரு சிறு துணைப்பொறியைச் சேர்த்துக்கொண்டால், நூலகப் பட்டியலில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தவுடன் மேல்விளிம்பில் ஒரு சிறு புத்தக உருவந் தோன்றும். அதனை ஒருமுறை அழுத்த, விவரம் முழுவதும் நமது பேரேட்டில் வந்து அமரும். நூலின் பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணையோ, கட்டுரைகளுக்கு 2000-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் டி.ஓ.ஐ. என்னும் அடையாள எண்ணையோ தட்டினாலும் அவ்வாறே வரும். பி.டி.எப். கோப்பாக உள்ள கட்டுரையை உள்ளே இழுத்து விட்டால், பெரும்பாலும் அதன் விவரத்தைத் தானே தேடிக்கொள்ளும். அங்கேயே படித்து, வேண்டிய வரிகளுக்கு வண்ணந் தீட்டி, குறிப்பும் எழுதலாம். அவ்வாறு எடுத்த வரியோடு பக்க எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை, 112-ஆம் பக்கத்தைத் தேடி அலைந்த யாம் அழுத்திக் கூறுகின்றோம்.

எழுதுங்காலத்து இதன் அருமை விளங்கும். வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகிள் டாக்ஸ் மூன்றோடும் இஃது இணைந்து வேலை செய்யும். மேற்கோள் காட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஆசிரியர் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால் நூல் முன்வந்து நிற்கும். பக்க எண்ணைச் சேர்த்து அழுத்த, அடிக்குறிப்பு அமையும். கட்டுரை முடிவில் ஒரே அழுத்தத்தில் துணைநூற் பட்டியல் அகரவரிசையாக வந்துவிடும். நாம் மேற்கோள் காட்டிய நூல் ஒன்றும் விடுபடாது. காட்டாத நூல் ஒன்றும் தானே நுழையாது. ஓராசிரியர் ஒரே ஆண்டில் எழுதிய நூல்கள் இரண்டாயின், ஆண்டோடு அடையாள எழுத்துச் சேர்த்து வேறுபடுத்துவதையும் அதுவே செய்துகொள்ளும்.

"மேற்படி" என்னும் சொல்லால் நாம் பட்ட துன்பம் யாவரும் அறிந்தது. முந்திய அடிக்குறிப்பில் வந்த நூலே மறுபடி வந்தால் "மேற்படி நூல், பக். 42" என்றெழுதி நிறுத்துவோம். பின்னர் ஆசிரியர் சொற்படி இடையில் ஒரு பத்தியைச் சேர்ப்போம். அதற்கொரு புது அடிக்குறிப்பு வரும். உடனே பழைய "மேற்படி" வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கும். எழுதியவர் கண்ணுக்கு இது புலப்படாது. பரீட்சகர் கண்ணுக்கே புலப்படும். இக்கருவியில் அடிக்குறிப்புகள் தம்முள் தொடர்புடையனவாதலின், பத்தி இடம் பெயருந்தோறும் அவையும் திருந்திக்கொள்ளும்.

சர்வகலாசாலைகளும் இதழ்களும் கேட்கும் வடிவங்கள் ஆயிரம். ஒருவர் ஆண்டினைப் பெயருக்கு அடுத்து வை என்பர். மற்றொருவர் இறுதியில் வை என்பர். எம்.எல்.ஏ., சிகாகோ, ஏ.பி.ஏ. என்று பெயர் பெற்றவை சில; இதழுக்கு இதழ் வேறுபடுவன பல. ஸோட்டெரோவுக்கு எழுதி வைக்கப்பட்டுள்ள வடிவ விதிகள் பதினாயிரத்துக்கு மேற்பட்டன. வேண்டியதைத் தெரிந்தெடுத்தால் நூறு அடிக்குறிப்பும் நொடியில் உருமாறும். காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி இருந்தமைக்காக மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைத்து வந்த ஆசிரியர்கள் (யாமும் அவருள் ஒருவேமே) இனி அந்நேரத்தை, காட்டிய பக்கத்தில் அச்செய்தி உளதா என்று பார்ப்பதிற் செலவிடலாம்.

இதுகாறும் கூறியவற்றால் இக்கருவியை யாதொரு குறையுமில்லாத கற்பக விருட்சமென்று யாரும் கொள்ளற்க. தமிழ் நூல்களிடத்து இதற்குத் தடுமாற்றம் மிகுதி. மேனாட்டார் வழக்கப்படி, பெயரின் கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்று இது கொள்ளும். ஆங்கிலப் பட்டியலிலிருந்து வையாபுரிப் பிள்ளையின் நூலை இழுத்தால், "பிள்ளை" என்பது ஒரு கட்டத்திலும், "வையாபுரி" என்பது தலையெழுத்தோடு மற்றொரு கட்டத்திலும் விழுதல் கூடும். திருத்தாது விட்டால், தமிழ் நாட்டுப் பிள்ளைமாரும் ஐயர்மாரும் முதலியார்மாரும் தத்தம் பெயரை இழந்து சாதிவாரியாகப் பட்டியலில் அணிவகுத்து நிற்பர். ஆதலின், முதற் கட்டத்தில் "வையாபுரிப் பிள்ளை" என்றும், அடுத்ததில் "ச." என்றும் நாமே எழுதித் திருத்தல் வேண்டும். "சாமிநாதையர்", "உ. வே." என்பதும் அவ்வாறே. ரோமன் எழுத்தில் வரும்போது இன்னொரு சிக்கல். சாமிநாதையர் பெயர் சாதாரண ஆங்கிலப் பட்டியலில் "எஸ்" எழுத்தின்கீழ் நிற்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி "சி" எழுத்தின்கீழ் நிற்கும். கருவிக்கு இவ்விருவரும் வேறு வேறு மனிதர். ஓர் உருவத்தைத் தெரிந்துகொண்டு எல்லாவிடத்தும் அதனையே வைப்பது நமது வேலை.

சங்கங்களும் நிறுவனங்களும் ஆசிரியராக வரும்போது பெயர்க்கட்டம் இரண்டாயிருத்தல் ஆகாது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அநுபந்தமாகவும் வெளிவந்த தமிழ் லெக்ஸிகனை எம் மாணவர் ஒருவர் சேர்த்தபோது, அதன் ஆசிரியர் "சர்வகலாசாலை, சென்னை" என்னும் ஒரு மனிதராகப் பட்டியலில் தோன்றினார். பெயர்க்கட்டத்தின் பக்கத்திலுள்ள சிறு குறியை அழுத்தினால் இரு கட்டமும் ஒன்றாகி, பெயர் பிளவுபடாமல் நிற்கும். தமிழ் நூல்களை ஒரு வரிசையாகவும் ஆங்கில நூல்களை மற்றொரு வரிசையாகவும் பிரித்துத் தருதலும் இக்கருவியின் இயல்பான வேலையன்று. பட்டியல் வந்தபின் நாமே பிரித்து அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

பழைய நூல்கள் வேறொரு வகையில் தொல்லை தரும். ஐ.எஸ்.பி.என். எண் 1970-ஐ ஒட்டியே உலக வழக்கிற்கு வந்தது. அதற்கு முற்பட்ட நூல்களில் அவ்வெண் இராது. ஆதலின் நம் நூலகத்துப் பழைய அலமாரியில் உள்ளவற்றைத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையாலேயே பதிதல் வேண்டும். அத்தலைப்புப் பக்கத்திலோ பல சமயம் தமிழ் வருஷத்தின் பெயர் மட்டும் இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியாதலின், பிரபவ வருஷம் 1867-லும் தொடங்கிற்று, 1927-லும் தொடங்கிற்று, 1987-லும் தொடங்கிற்று. எந்தப் பிரபவ என்பதைத் தாளும் எழுத்தும் அச்சுக்கூடத்தின் பெயரும் பார்த்துத் தெளிவது கற்றவர் கடமை. கணக்கப்பிள்ளையைக் கேட்டுப் பயனில்லை. மறுபதிப்புகளும் இவ்வாறே ஏமாற்றும். சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக 1924-இல் அமர்ந்த ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றி எழுதிய நூல் 1931-இல் வெளிவந்தது. இக்காலத்து மறுபதிப்பின் எண்ணைக் கொடுத்தால் மறுபதிப்பின் ஆண்டே வரும்; கணிப்பொறிக் காலத்தில் அவர் அந்நூலை எழுதினாரென்று படிப்பவர் எண்ண நேரும். மூலப்பதிப்பின் ஆண்டினை "எக்ஸ்ட்ரா" என்னுங் கட்டத்தில் தனியே குறித்து வைக்கலாம்.

புனைந்த கட்டுரைகளை இக்கருவி கண்டுபிடிக்குமோ எனின், ஓரளவு துணைசெய்யும். இல்லாத டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்தால் ஒன்றும் வாராது. வேறொரு கட்டுரையின் எண்ணைக் கொடுத்தால் அவ்வேறு கட்டுரையே வந்து நின்று புனைவைக் காட்டிக் கொடுக்கும். வெளியிட்டபின் இதழாரே விலக்கிவிட்ட கட்டுரையாயின், 2019 முதல், சிவந்த எச்சரிக்கை ஒன்று தோன்றும். அம்மைத் தடுப்பூசியையும் குழந்தைகளின் ஆட்டிஸத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் லான்செட் இதழில் வந்து, 2010-இல் விலக்கப்பட்ட கட்டுரை அத்தகையது. ஆனால் கட்டங்களை நாமே கையால் நிரப்பினால், எதை எழுதினாலும் கருவி ஏற்றுக்கொள்ளும். கணக்கப்பிள்ளை பொய்க்கணக்கையும் அதே அழகிய கையெழுத்தில் எழுதித் தருவார்.

ஆதலின் யாம் இவ்வாண்டு எம் மாணாக்கர்க்கு ஒரு வழக்கம் ஏற்படுத்தியுள்ளோம். ஒவ்வொரு நூற்குறிப்பிலும் மூன்று அடைச்சொற்களுள் ஒன்றை இடவேண்டும்: "படித்தேன்", "பகுதி படித்தேன்", "பார்க்கவில்லை". ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் கொடுக்கலாமாதலின், நிரலைப் பார்த்த மாத்திரத்தில் நிலைமை விளங்கும். கேள்விப்பட்டதை உடனே பதிந்து வைப்பதில் தவறில்லை. எதுவும் தவறிப் போகாமலிருக்க அதுவே வழி. "பார்க்கவில்லை" என்று நிற்பது ஏட்டில் ஏறலாகாது என்பதே விதி. கையொப்பமிடுமுன் யாமும் அந்நிரலைக் கேட்டு வாங்கி, ஐந்து இடங்களைத் திறந்து பார்க்கின்றோம்.

காப்பு முறைகள் இரண்டு சொல்லி முடிப்பாம். கணக்குத் தொடங்கிக் கொண்டால் பேரேடு இணையத்தில் ஒத்திசைந்து நிற்கும். நூல் விவரங்களுக்கு அளவில்லை, பி.டி.எப். போன்ற கோப்புகளுக்கு 300 மெகாபைட் வரை கட்டணமில்லை. அதனை மட்டும் நம்பாமல், மாதம் ஒருமுறை முழுப் பிரதியொன்றை வேறிடத்திலும் எடுத்து வைத்தல் தக்கது. மற்றொன்று: ஏட்டினை இறுதியாகப் பரீட்சகர்க்கு அனுப்புங்கால், கருவியோடுள்ள தொடர்பை அறுத்த பிரதியை அனுப்பலாம், ஆனால் அறுப்பதற்கு முன் ஒரு பிரதியைத் தொடர்போடு வைத்துக்கொள்க. அறுத்தபின் அடிக்குறிப்புகள் வெறும் எழுத்துகளே, மறுபடி ஒட்டா.

முதலிற் கூறிய மாணவர் கோடை விடுமுறையில் இங்கேயே தங்கி, தம் பட்டியலிலிருந்த 40 நூல்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பதிந்தார். 31 நின்றன. நீங்கிய ஒன்பதில் புனைவு ஒன்றே. மற்ற எட்டும் பிறர் பட்டியலிலிருந்து எடுத்தெழுதியவை. அவற்றுள் மூன்றினை எமது பழைய ஆய்வேட்டின் பட்டியலிலிருந்து எடுத்ததாக அவர் தயங்கித் தயங்கிக் கூறினார். அம்மூன்றையும் யாம் படித்திருந்தோமா என்று அவர் கேட்கவில்லை. ஒன்றைப் படித்ததாக எமக்கு நினைவில்லை.

நம் நூலகத்துக் கணிப்பொறி அறையில் எல்லாப் பொறிகளிலும் இக்கருவி நிறுவப்பட்டுள்ளது. புதன்கிழமை மாலை நான்கு மணி முதல் அம்மாணவர் அங்கிருந்து புதியவர்க்குக் கற்பித்து வருகின்றார். தமிழ்ப் பெயர்களைத் திருத்துவதில் அவர்க்கு இப்போது எம்மினும் பழக்கம் மிகுதி. வேண்டுவோர் அவரிடமே கேட்டறிக.